மேடையில் தனியாக வாசித்தால் மட்டும் வில் கை நடுங்குவது ஏன்?

இரண்டாம்_தந்தி

வணக்கம். வயலின், தனி வாசிப்பு, மொத்தம் 12 நிமிடம், தாள் பார்க்காமல். கையில் 6 வாரம் இருக்கிறது.

குழுவோடு வாசித்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. தனியாக நின்றால் முதல் இரண்டு நிமிடத்துக்குள் வில் கை நடுங்க ஆரம்பிக்கிறது, அதிலும் மெல்லிய நீண்ட சுரங்களில். விரல் நுனி ஜில்லிட்டுப் போகிறது. நடுவில் ஓர் இடம் மறந்தால் முதலிலிருந்து தொடங்கினால்தான் திரும்ப வருகிறது. "இன்னும் பயிற்சி செய்" என்பது மட்டும் வேண்டாம். வீட்டில் பத்துக்குப் பத்து சரியாக வருகிறது.

இது உடம்பில் எங்கே தொடங்குகிறது? ஆறு வாரத்தில் என்ன செய்ய முடியும்? மூச்சுப் பயிற்சி நிஜமாகவே உதவுமா? மாத்திரை போட்டுக்கொண்டு மேடையேறுபவர்கள் உண்டு என்கிறார்களே, அது சரியா?

---

குதிரைக்குப்_பக்கத்தில்

தனியாக நின்றால்தான் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உடம்பு மிரள்வது வயலினைக் கண்டு அல்ல, நம்மை யாரோ எடைபோடுகிறார்கள் என்பதைக் கண்டு. ஆய்வுக்கூடத்தில் ஆட்களுக்கு மன அழுத்தத்தை வரவழைக்க ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையை வகுத்து 1993-ல் வெளியிட்டார்கள். முகத்தில் எதையும் காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேச வேண்டும். அடுத்த 5 நிமிடம் 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தப்பினால் மறுபடி 1022. வலி இல்லை, ஆபத்து இல்லை. ஆனாலும் இதயத் துடிப்பும், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனும் ஏறிவிடுகின்றன. குழுவில் அந்த எடைபோடல் எல்லார் தலையிலும் பங்கு பிரிந்து விழுகிறது. தனியாக நின்றால் முழுப் பங்கும் உங்களுக்கே.

இனி வில்லுக்கு வருகிறேன். எல்லாருடைய கையிலும் எந்நேரமும் ஒரு நுண்ணிய நடுக்கம் உண்டு, விநாடிக்குச் சுமார் 8 முதல் 12 தடவை. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. அட்ரினலின் சுரந்ததும், தசையில் அதை ஏற்றுக்கொள்ளும் பீட்டா ஏற்பிகள் தூண்டப்பட்டு அந்த நடுக்கம் பெரிதாகிறது. அதே நேரத்தில் தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் சுருங்குகின்றன. விரல் ஜில்லிடுவது அதனால்தான். வேறு எந்த வேலையிலும் இந்த நடுக்கம் உறைக்காது. ஆனால் வில் ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளக் கம்பு, அதுவும் துள்ளுவதற்கென்றே வளைத்துச் செய்யப்பட்டது. பிடியில் ஏற்படும் சின்ன ஆட்டத்தை அது தந்தியில் பெரிதாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மெல்லிய நீண்ட சுரத்தில் ஏன் மோசம்? ஒலியைக் குறைக்க வேண்டும் என்றதும் நாம் வில்லைத் தூக்கிப் பிடிக்கிறோம். தந்தி தாங்க வேண்டிய எடையைத் தோளும் முன்கையும் தாங்குகின்றன. தாங்கும் தசை நடுங்கும், தளர்ந்த தசை அவ்வளவு நடுங்காது. ஆகவே நடுக்கம் வந்தவுடன் நாம் செய்கிற இரண்டு காரியங்களும், அதாவது இன்னும் மெதுவாக இழுப்பதும் இன்னும் இறுக்கிப் பிடிப்பதும், எரிகிற தீயில் எண்ணெய்தான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை:

எடையைத் தந்தியிடம் ஒப்படையுங்கள். முழங்கை சற்று இறங்கட்டும். ஒலி கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். மேடையில் உங்கள் காதுக்குச் சத்தமாகக் கேட்பது கடைசி வரிசையில் அப்படிக் கேட்காது.

வில்லை வேகமாக ஓட்டுங்கள். ஒரே வில்லில் 8 விநாடி இழுக்கும் சுரம் இருந்தால் அதை 4 விநாடி கொண்ட இரண்டு வில்லாகப் பிரித்துவிடுங்கள். இதை இப்போதே தீர்மானித்துத் தாளில் குறித்துப் பழக வேண்டும். மேடையில் நின்றுகொண்டு தீர்மானிக்கும் விஷயம் அல்ல.

வில் மயிரைச் சாய்த்து வாசிக்கும் பழக்கம் இருந்தால் அந்த இடங்களில் மட்டும் தட்டையாக வையுங்கள். தந்தியைத் தொடும் அகலம் கூடினால் துள்ளல் அடங்கும்.

கட்டைவிரல் நேராக விறைத்திருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரலை ஒரு கணம் எடுத்து வைத்துப் பாருங்கள். எடுக்க முடியவில்லை என்றால் பிடி இறுகிவிட்டது என்று பொருள்.

முதல் சுரத்தை ஒருபோதும் காற்றிலிருந்து இறக்காதீர்கள். வில்லைத் தந்திமேல் வைத்து, 3 விநாடி அசையாமல் நின்று, தோள் இறங்கியதை உணர்ந்தபின் இழுங்கள். பார்ப்பவர்களுக்கு அது கம்பீரமாகத் தெரியும் என்பது உபரி லாபம்.

விரல் குளிருக்கு: மேடையேறும்வரை நுனி வெட்டிய கையுறை, அல்லது 2, 3 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கை வைத்து நன்றாகத் துடைத்துவிடுதல். ஈரம் மிஞ்சினால் விரல் வழுக்கும்.

---

பாதியில்_தொடங்கு

வில் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. என் சண்டை "பத்துக்குப் பத்து" என்பதோடுதான்.

வீட்டில் வரும் பத்தாவது தடவைக்கும் மேடைக்கும் சம்பந்தமில்லை. மேடையில் கிடைப்பது ஒரே தடவை, அதுவும் கை சூடாகாத முதல் தடவை, இதயம் ஓடிக்கொண்டிருக்கும்போது. வீட்டில் அந்த முதல் தடவை எப்படி வருகிறது? அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நாளைக் காலை எழுந்ததும், வேறு எதையும் வாசிக்காமல், போனில் பதிவை ஓடவிட்டு ஒரே மூச்சில் 12 நிமிடமும் வாசியுங்கள். உங்கள் உண்மையான நிலை அந்தப் பதிவில் இருக்கும்.

மறதிக்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: முதலிலிருந்து தொடங்கினால்தான் வருகிறது. நினைவு ஒரு சங்கிலியாக மட்டும் இருக்கிறது. ஒரு கண்ணி இன்னொன்றை இழுக்கிறது. தன்போக்கில் விட்டால் அது அழகாக ஓடும். பதற்றத்தில் "அடுத்து என்ன விரல்?" என்று கவனம் கைக்குள் புகுந்ததும் அறுந்துவிடும். தானாக ஓடும் வேலையைக் கண்காணிக்கப் போய்க் கெடுத்துக்கொள்வது இது. 2001-ல் சியான் பைலாக், தாமஸ் கார் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டும் வேலையை வைத்து இதைச் சோதித்தார்கள். பயிற்சியின்போதே தங்களை வீடியோ எடுக்கிறார்கள் என்ற உணர்வோடு பழகியவர்கள் அழுத்தமான நேரத்தில் சறுக்கவில்லை. பயிற்சியில் கவனத்தை வேறு பக்கம் திருப்பிப் பழகியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. எனவே "கூட்டத்தை மறந்துவிட்டு வாசி" என்ற அறிவுரையை நான் யாருக்கும் தருவதில்லை. பார்க்கப்படுவதைப் பழகிக்கொள்வதுதான் வழி.

சங்கிலியை உடைக்கும் வேலையை முதல் இரண்டு வாரத்தில் முடியுங்கள். 12 நிமிட உருப்படியில் 8 அல்லது 10 இடங்களைத் தேர்ந்து 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சொற்றொடரின் தொடக்கமாக இருக்கட்டும், நடுவாக வேண்டாம். தினமும் சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். பிறகு பின்னாலிருந்து முன்னாக: 10, 9, 8. பிறகு வயலின் இல்லாமல் ஒவ்வோர் இடத்தையும் வாயால் பாடி, முதல் விரல் எது, எந்தத் தந்தி, வில் மேலா கீழா என்று சொல்லுங்கள். இங்கே தடுமாறும் இடம்தான் மேடையில் மறக்கப் போகும் இடம், சந்தேகமே வேண்டாம். பாதி வேகத்தில் வாசித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. விரல் பழக்கம் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் பகுதிகள் வேகம் குறைந்தால் சிதறும்.

அதன்பின் தாண்டும் பயிற்சி. வாசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது எதிர்பாராமல் கை தட்டட்டும். தட்டியதும் திரும்பிப் போகாமல் அடுத்த எண்ணுக்குத் தாவ வேண்டும். பின்னோக்கிப் போவது கேட்பவருக்குத் தெரியும். முன்னோக்கித் தாவினால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

மற்ற நான்கு வாரத்துக்கு ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் தொடங்கும் முன், நடுவில், முடித்தபின் பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாரம்: ஒரு நிமிடம் மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே முதல் 2 நிமிடப் பகுதி. தினமும் ஒரே ஒரு தடவை. துடிப்பு எகிறியிருக்கும்போது கை எப்படி நடந்துகொள்ளும் என்பது இதில் தெரிந்துவிடும். வார இறுதியில் ஒரே ஒருவர் முன் முழு உருப்படி.

நான்காம் வாரம்: இரண்டு மூன்று பேர், அதில் ஒருவருக்காவது வயலின் தெரிந்திருக்க வேண்டும். இதில்தான் மதிப்பெண் சட்டென்று ஏறும். ஏறட்டும், ஏறவில்லை என்றால் படி மிகச் சுலபம். இதை ஒரு வாரத்தில் மூன்று தடவையாவது செய்யுங்கள்.

ஐந்தாம் வாரம்: மேடைக்கு உடுத்தும் அதே உடை, அதே செருப்பு, நின்றபடி. நடந்து வருவது, வணங்குவது, சுருதி சரிபார்ப்பது எல்லாம் சேர்த்து ஒத்திகை. முடிந்தால் அதே அரங்கில்.

ஆறாம் வாரம்: முழு வாசிப்பு மூன்று தடவை போதும். கடைசி இரண்டு நாள் புதிதாக எதையும் திருத்தாதீர்கள். விரல் மாற்றம், வில் மாற்றம் எதுவும் கூடாது.

இந்தப் படிக்கட்டு கெட்டுப்போகும் விதங்கள் மூன்று. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிடுவது முதலாவது. நிறுத்தியதும் வரும் நிம்மதியை மூளை பரிசாக எடுத்துக்கொண்டு, தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று பாடம் படிக்கும். எவ்வளவு பிசகினாலும் கடைசிச் சுரம் வரை போங்கள். இரண்டாவது, தப்பும் ஒவ்வோர் இடத்திலும் முகம் சுளிப்பது, "மன்னிக்கவும்" என்பது. ஒத்திகையில் செய்தால் மேடையிலும் வரும். மூன்றாவது, ஒரு படி நன்றாகப் போனதும் இரண்டு படி தாண்டுவது.

---

மேல்ஸ்தாயி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாடுபவர்களுக்கும் இதே படிக்கட்டுதானா? வாய் வறள்வதும் குரல் மேலே ஏறிப்போவதும்தான் அங்கே சிக்கல்.

---

ஆறு_மூச்சு

படிக்கட்டு அதேதான். வாய் வறள்வதற்குக் காரணம் எச்சில் குறைந்து பிசுபிசுப்பாவது. ஒரே மடக்கில் நிறையக் குடிப்பதால் தீராது, வயிறுதான் கனக்கும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே வாய் நனையும் அளவுக்கு அவ்வப்போது குடியுங்கள். நாக்கு ஓரத்தை மெதுவாகக் கடித்தாலும் கொஞ்சம் எச்சில் ஊறும். குரல் ஏறுவது குரல்வளைத் தசைகள் இறுகுவதால்; உதடுகளை "பர்ர்ர்" என்று அதிரவிட்டபடி ஸ்தாயி ஏறி இறங்குவது அந்த இறுக்கத்தை இளக்கும்.

மூச்சுப் பயிற்சிக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் தவறான அறிவுரை அதிகம். "நன்றாக ஆழமாக மூச்சை இழு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். அதன்மேல் வேக வேகமாகப் பெரிய மூச்சுகளை இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இன்னும் குறையும். தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மதமதக்கும். மயங்கி விழப்போகிறோம் என்று பயந்து இன்னும் வேகமாக இழுப்பார். வேண்டாத வேலை.

செய்ய வேண்டியது: மூக்கு வழியாக 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. சாதாரண அளவு காற்று போதும், நெஞ்சை நிரப்ப வேண்டாம். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மந்தமாகும்; அந்தப் பகுதியை நீட்டுகிறோம், அவ்வளவுதான். தினமும் 5 நிமிடம், இன்றிலிருந்தே. நிகழ்ச்சி அன்று முதல்முறையாகச் செய்து பார்த்துவிட்டுப் பலிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

இது நடுக்கத்தை முற்றிலும் போக்காது. துடிப்பைக் கொஞ்சம் இறக்கும், கவனம் நிற்க ஓர் இடம் கொடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இன்னொன்று: பதற்றமாக இருக்கும்போது "அமைதியாக இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது உடம்பின் போக்குக்கு நேர் எதிர். அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், பாடுவதற்கும் பேசுவதற்கும் முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். துடிப்பு குறையவில்லை, துடிப்புக்கு வைத்த பெயர்தான் மாறியது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், செலவு ஒன்றுமில்லை.

காபி பழக்கம் இருந்தால் அன்று கூட்ட வேண்டாம். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், கை நடுக்கத்தையும் அதிகமாக்கும். தினமும் குடிப்பவர் அன்று மட்டும் அடியோடு நிறுத்தினால் தலைவலி வரலாம். அளவைக் குறைத்து, முன்கூட்டியே குடித்துவிடுங்கள்.

---

வெள்ளைக்கோட்டு

மாத்திரை பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில். பேச்சு அடிபடுவது பீட்டா தடுப்பு மருந்துகள் பற்றி, பெரும்பாலும் ப்ரோப்ரானலால். இது இதய நோய்க்காக ஜேம்ஸ் பிளாக் 1960-களில் உருவாக்கியது. அவருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. மேலே சொன்ன பீட்டா ஏற்பிகளை அட்ரினலின் எட்டாதபடி இது மறித்துவிடும். துடிப்பும் நடுக்கமும் குறையும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸ்ப்ரெனலாலை வில் வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1977-லேயே 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. வில் நடுக்கத்துக்கு இது வேலை செய்யும் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

மறந்துபோவதற்கோ, "கேவலப்பட்டுவிடுவேன்" என்ற எண்ணத்துக்கோ நேரடியாக இது எதுவும் செய்யாது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இதயத் துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பு என்ற எச்சரிக்கை மணியே அடிக்காமல் போகும். மற்ற மருந்துகளோடு மோதவும் செய்யும். ஆகவே நண்பரின் டப்பாவிலிருந்து ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது முட்டாள்தனம். மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரையை நிகழ்ச்சி இல்லாத ஒரு நாளில் போட்டுப் பார்க்க வேண்டும். சிலருக்குக் கை சோர்ந்து வாசிப்பே மந்தமாகிவிடும்.

மதுவும் தூக்க மாத்திரையும் இதற்கு மாற்று அல்ல. பயத்தை மழுக்கும் அளவுக்கு விரலையும் மழுக்கும்.

இன்னொரு சோதனை. மேடை இல்லை, ஆள் இல்லை, வீட்டில் தனியாகக் கரண்டி பிடித்தாலும் எழுதினாலும் கை நடுங்குகிறதா? அப்படியானால் அது மேடைச் சமாசாரம் அல்ல. தைராய்டு அதிகமாகச் சுரப்பது முதல் சில மருந்துகளின் பக்கவிளைவு வரை காரணங்கள் உண்டு, பார்த்துவிடுங்கள். வாய்ப்புகளையே தட்டிக்கழிக்கத் தொடங்கிவிட்டவர்கள், வாரக்கணக்கில் தூக்கம் கெடுபவர்கள் உளவியல் நிபுணரிடம் போகலாம். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கோளாறுகளின் வகைப்பாட்டில், மற்ற எந்த இடத்திலும் இல்லாமல் மேடையில் மட்டும் வரும் சமூகப் பதற்றத்துக்கென்றே ஒரு தனிக் குறிப்பு உண்டு. எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது.

---

இரண்டாம்_தந்தி

எல்லாருக்கும் நன்றி. காலையில் பதிவு செய்து பார்த்தாயிற்று: முதல் தடவையில் 5 இடத்தில் பிசகல். பத்துக்குப் பத்து கணக்கைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். வாசிக்கும்போது கவனத்தை எங்கே வைப்பது? இவ்வளவும் செய்தபின் நடுச் சுரத்தில் வில் ஆடத் தொடங்கினால் அந்தக் கணத்தில் என்ன செய்வது?

---

குதிரைக்குப்_பக்கத்தில்

கவனம் கையில் வேண்டாம், ஒலியில் வையுங்கள். அரங்கின் பின் சுவரில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, ஒலி அங்கே போய்ச் சேர்கிறதா என்று கேளுங்கள். குறித்து வைத்த 8, 10 எண்கள் வரும்போது மட்டும் ஒரு சொல்: "அகலம்", "முழங்கை", இப்படி. ஓர் எண்ணுக்கு ஒரு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

வில் ஆடினால்: முழங்கையைத் தளரவிடுங்கள், வில் வேகத்தைக் கூட்டுங்கள், வில் தீர்ந்துவிடும் என்று தோன்றினால் சுரத்தின் நடுவிலேயே வில்லைத் திருப்பிவிடுங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள், அதை வெளியே விடுங்கள். ஆட்டம் நின்றதா என்று சோதித்துப் பார்க்காமல் அடுத்த எண்ணை நோக்கிப் போங்கள். துடிப்பு பெரும்பாலும் தொடக்கத்தில்தான் உச்சம். போகப் போக இறங்கும்.

வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நான்காம் வார வாசிப்பை வீடியோ எடுத்து, அதை ஒலியில்லாமல் ஓடவிட்டு, உங்கள் மதிப்பெண் 80, 90 இருந்த இடங்களைத் தேடிப் பாருங்கள். பேச்சாளர்களை வைத்து சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் இதைச் செய்து பார்த்தார்கள்: தங்கள் பதற்றம் அப்பட்டமாகத் தெரிகிறது என்று பேசியவர்கள் நினைத்த அளவுக்குக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தகவலை முன்கூட்டியே சொல்லிவிட்டபோது பேச்சும் மேம்பட்டது.

---

பாதியில்_தொடங்கு

அந்த 5 பிசகலும் எந்தெந்த எண்ணுக்குள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளைச் சீட்டுக் குலுக்கலில் அந்த எண்களுக்கு மட்டும் மூன்று மூன்று சீட்டு போடுங்கள்.